மாரடைப்புக்கு முன்னறிவிப்பு உண்டா?



2008-ஆம் ஆண்டு ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் என்.பி.சி. தொலைக்காட்சியின் அலுவலகம். வரும் ஞாயிறு நிகழ்ச்சிக்காகக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த டிம் ரஸ்ஸர்ட் திடீரென்று சரிந்து விழுந்தார். வயது 58. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக 'மீட் த பிரஸ்' என்ற புகழ்பெற்ற அரசியல் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபைக் குருக்களின் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர். 1985-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றச் செய்ய ஏற்பாடு செய்தவரும் அவரே. அன்று அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தச் செய்தி அந்நாட்டு மருத்துவர்களை உலுக்கியதற்கு அவருடைய புகழ் மட்டும் காரணமல்ல. அவருக்கு இருதய நோய் இருப்பது முன்பே தெரியும். மாத்திரை சாப்பிட்டு வந்தார், உடற்பயிற்சி செய்தார். அதே ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி, அதாவது ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பு, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனையில் நல்லபடியாகத் தேறியிருந்தார். பிரேதப் பரிசோதனையில், இருதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முக்கியக் குழாயில் ஒரு கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தது தெரியவந்தது.

இது தொலைதூரத்தில் நடந்த கதை மட்டும்தானா? பங்குத்தந்தையாக இறந்த வீடுகளுக்குப் போகிறபோது நான் அடிக்கடி கேட்கும் ஒரு வார்த்தை உண்டு. "போன மாசந்தான் ஃபாதர் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். ஈ.சி.ஜி. நார்மல், டிரெட்மில் நார்மல்னு சொன்னாங்களே!" அந்தக் கேள்வியில் கோபமும் இருக்கும், குற்ற உணர்வும் இருக்கும். எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று மனைவியோ மகனோ பல ஆண்டுகள் தங்களையே குத்திக் குதறிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் பரிசோதனைகள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை என்று முதலில் தெரிய வேண்டும். நான் மருத்துவன் அல்லன். படித்தும் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

குழாய் அடைப்பு என்றதும் நம் மனத்தில் வருவது வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான். உப்புப் படிந்து படிந்து, வழி குறுகிக் குறுகி, ஒருநாள் சொட்டுக்கூட வராமல் நின்றுவிடுகிறது. இருதயக் குழாயிலும் அப்படித்தான் நடக்கிறது என்று நெடுங்காலம் மருத்துவர்களே எண்ணியிருந்தார்கள். டிரெட்மில் சோதனை இந்தக் குறுகலைத்தான் தேடுகிறது. நடையின் வேகம் கூடும்போது இருதயத்துக்கு அதிக இரத்தம் தேவை. வழி மிகவும் குறுகியிருந்தால் தேவையான இரத்தம் போய்ச் சேராது, ஈ.சி.ஜி. கோடுகளில் அது தெரியும்.

ஆனால் 1980-களின் இறுதியில், மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோகிராம் படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள் வியந்துபோனார்கள். பலருக்குப் பின்னாளில் அடைத்துக்கொண்ட இடம், முன்பு எடுத்த படத்தில் பாதிக்கும் குறைவாகவே அடைந்திருந்தது! அப்படிப்பட்ட குறுகல் டிரெட்மில்லில் தெரியாது. நடந்தாலும் மாடி ஏறினாலும் வலிக்காது. பிறகு எப்படி ஒரே நாளில் முழுக்க அடைத்தது?

குழாயின் சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து, அங்கே அழற்சி உண்டாகி, சில படிவுகள் சீழ்க்கட்டியைப்போல ஆகிவிடுகின்றன. உள்ளே மென்மையான கூழ், மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது இரத்தத்தைத் தொடுகிறது. காயம் பட்டுவிட்டது என்று எண்ணி இரத்தம் அந்த இடத்தில் உறைகிறது. கையில் வெட்டுப்பட்டால் நம் உயிரைக் காப்பாற்றுகிற அதே உறைதல்தான் இங்கே சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடுகிறது. தோல் கிழியாமலே, குழாயின் உட்பரப்பு மட்டும் உரிந்துபோய் இரத்தம் உறைவதும் உண்டு. மாரடைப்புகளில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இந்த இரண்டாம் வகை என்று கணக்கிடுகிறார்கள்.

ஆகவே, எவ்வளவு அடைத்திருக்கிறது என்ற கேள்வியைவிட, சுவர் உறுதியாக இருக்கிறதா என்ற கேள்வியே இங்கு முக்கியமானது. அந்தச் சுவரின் உட்பரப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் உடலிலுள்ள ஒவ்வொரு இரத்தக்குழாயின் உட்பக்கத்திலும், பெரிய நாளம் முதல் மயிரிழைக் குழாய் வரை, ஒரே ஒரு வரிசையாகச் செல்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. எண்டோதீலியம் என்று இதற்குப் பெயர். தரையில் ஓடு பாவியதுபோல ஒரே ஓர் அடுக்கு, அவ்வளவுதான். இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது இந்த ஓரடுக்கு மட்டுமே. இது ஒழுங்காக இருக்கும்வரை இரத்தம் உறையாமல் ஓடுகிறது.

இந்த அடுக்கு வெறும் உறைதான், வேறு வேலை எதுவும் செய்வதில்லை என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்த எண்ணம் மாறியது ஒரு சிறு தவற்றால். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் பெருந்தமனியைத் துண்டுகளாக நறுக்கி, மருந்து ஊற்றி ஆய்வு செய்துவந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை ஊற்றினால் அவருடைய துண்டுகள் எப்போதும் சுருங்கும். 1978-இல் ஒருநாள் உதவியாளர் சோதனையின் வரிசையில் தவறு செய்துவிட, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. உதவியாளரைக் கடிந்துகொண்டு அத்தோடு விட்டுவிடாமல், ஏன் இப்படி என்று தேடினார் அவர். துண்டுகளைத் தயாரிக்கும்போது உட்பக்கம் எங்கேயாவது உரசிவிட்டால் அந்த ஓரடுக்குச் செல்கள் உதிர்ந்துவிடுகின்றன என்பதும், அவை இருக்கும் துண்டு தளர்கிறது, அவை இல்லாத துண்டு சுருங்குகிறது என்பதும் புரிந்தது. 1980-இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். அந்த ஓரடுக்குச் செல்கள் தங்கள் அண்டைத் தசைக்கு 'தளர்ந்துகொள்' என்று ஏதோ செய்தி அனுப்புகின்றன!

அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது பின்னர் தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் வகை மாத்திரைகள் குழாயை விரிப்பது இதே நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டுதான். அவ்வகையில் மிகப் பழையதான நைட்ரோகிளிசரின்தான் ஆல்ஃபிரட் நோபல் செய்த டைனமைட்டின் மூலப்பொருள்! தம் இறுதி ஆண்டுகளில் அவருக்கே இருதய நோய் வந்தபோது மருத்துவர்கள் அதையே மருந்தாகச் சொன்னார்கள்; அந்த முரணை அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

புகையிலை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு என்று மருத்துவர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்வதெல்லாம் முதலில் சிதைப்பது இந்த ஓரடுக்கைத்தான். பீடியின் புகை நுரையீரலோடு நின்றுவிடுவதாக நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அதன் நச்சு இரத்தத்தில் கலந்து உடலின் எல்லாக் குழாய்களின் உட்சுவரையும் தொட்டுக்கொண்டே போகிறது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், சூரிக் நகர மருத்துவர்கள் அந்தக் கிருமி இச்செல்களையும் தாக்குவதாக 'லான்செட்' இதழில் எழுதிய பிறகு எண்டோதீலியம் என்ற சொல் செய்தித்தாள் வரை வந்தது.

சுவர் சிதையும்போது உதிர்ந்த செல்கள் எங்கே போகும்? இரத்தத்தோடுதான் போக வேண்டும்.

ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மழைக்காலத்தில் ஏரி நிறைந்திருக்கும்போது கரையின் அடியில் கொஞ்சம் கசிவு இருப்பது இயல்பு. அனுபவமுள்ள பெரியவர்கள் கசிவின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்ப்பார்கள். தெளிந்த நீராக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கரையின் மண்ணே உள்ளுக்குள் அரித்துக்கொண்டு வெளியே வருகிறது என்று பொருள். உடனே ஊரைக் கூட்டி மணல் மூட்டை அடுக்குவார்கள். கரை உடைந்த பிறகு வெள்ளத்தை அளப்பதைவிட, உடையுமுன் கலங்கலைக் காண்பது மேலல்லவா?

மாரடைப்பைக் கண்டறிய இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் முக்கிய இரத்தப் பரிசோதனை டிரோபோனின். இருதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம் அது. தசை செத்தால்தான் அது இரத்தத்துக்குள் கசிகிறது. மிக நல்ல சோதனை, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது வெள்ளத்தை அளக்கும் கோல். உதிர்ந்த எண்டோதீலியல் செல்களைத் தேடுவது, கசிவில் மண் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது.

இந்தத் தேடல் புதிதன்று. பிராக் நகரத்தில் ஹ்லாடோவெக் என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இரத்தத்தில் மிதக்கும் இச்செல்களைக் குழாய்ச் சுவரின் காயத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். சிக்கல் எண்ணுவதில்தான். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் ஏறத்தாழ 500 கோடி. அவற்றுக்கு நடுவே நாம் தேடுவதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில செல்கள். வைக்கோற்போரில் ஊசி தேடுவது இதைவிட எளிது!

ஊசி என்றால் காந்தம் வேண்டும்; விஞ்ஞானிகளும் அதையே செய்தார்கள். இச்செல்களின் மேற்பரப்பில் சிடி 146 என்ற ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை நுண்ணிய காந்தத் துகள்களில் பூசி இரத்தத்தில் கலக்கிறார்கள். துகள்கள் அந்தச் செல்களில் ஒட்டிக்கொள்கின்றன. வெளியே காந்தம் வைத்தால் அவை மட்டும் ஓரமாக வந்து சேர்கின்றன. 1999-இல் பிரான்சின் மார்செய் நகரக் குழுவினர் 'பிளட்' என்ற இதழில் இம்முறையால் கிடைத்த முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களிடமும், ஓய்வில் இருக்கும்போதே வலிக்கும் நிலையற்ற நெஞ்சுவலி உள்ளவர்களிடமும் இச்செல்கள் மிகுதியாக இருந்தன. நடந்தால் மட்டும் வலித்து, நின்றால் அடங்கிவிடும் பழைய நெஞ்சுவலிக்காரர்களிடம் மிகுதியாக இல்லை. இந்த இரண்டாம் செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழாய் குறுகியிருந்தும் சுவர் அமைதியாக இருந்தால் செல்கள் உதிர்வதில்லை. கசிவு உண்டு, கலங்கல் இல்லை.

அடுத்த பெரிய அடி 2012 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் எடுத்துவைக்கப்பட்டது. ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் எரிக் டோப்பால் தலைமையிலான குழுவினர், மாரடைப்போடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 50 பேரின் இரத்தத்தையும், நலமாக இருந்த 44 பேரின் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களை எண்ணுவதற்கென்று உருவாக்கிய கருவியையே இதற்கும் பயன்படுத்தினார்கள். நலமானவர்களிடம் ஒரு மில்லிலிட்டருக்கு நடுமதிப்பாக 4 செல்கள். மாரடைப்பு வந்தவர்களிடம் 19. நலமானவர்களிடமும் சில செல்கள் இருப்பதைக் கவனியுங்கள். தேய்ந்தது உதிர்வதும் புதியது முளைப்பதும் உயிருள்ள உடம்பில் இயல்பே.

எண்ணிக்கை மட்டுமல்ல, செல்களின் தோற்றமும் வேறாக இருந்தது. மாரடைப்புக்காரர்களின் செல்கள் மற்றவர்களுடையவற்றைவிட இரண்டரை மடங்கு பரப்பு கொண்டவையாக, வீங்கியும் உருக்குலைந்தும் காணப்பட்டன. சாதாரணமாக ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு. இங்கோ ஒரே படத்தில் மூன்றுக்கும் மேற்பட்ட உட்கருக்கள், சிலவற்றில் பத்து வரை, கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. மூன்றுக்கும் மேல் இருந்தது மாரடைப்பு வந்தவர்களிடம் மட்டுமே. கால் குழாய்களில் நெடுநாள் அடைப்பு உள்ளவர்களிடம்கூட அப்படி இல்லை. ஒன்றிரண்டு ஓடு பெயர்வதற்கும், தரையே பாளமாகப் பெயர்ந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு அது.

இன்னொன்று. செல்களின் எண்ணிக்கைக்கும் டிரோபோனின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒன்று கூடினால் மற்றொன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. முதலில் இது ஒரு குறையோ என்று எனக்குத் தோன்றியது. எண்ணிப் பார்த்தால் இதுவே நல்ல செய்தி. தசை எவ்வளவு செத்தது என்பதை ஒன்று சொல்கிறது. சுவருக்கு என்ன ஆயிற்று என்பதை மற்றொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் இரண்டாவது எதற்கு?

அப்போது உலகெங்கும் செய்தித்தாள்கள் மாரடைப்பை முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனை வரப்போகிறது என்று எழுதின. ஓரிரு ஆண்டுகளில் பயன்பாட்டுக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அவற்றில் இருந்தது. 2014-இல் அதே நிறுவனத்தைச் சார்ந்த மற்றொரு குழு, 79 மாரடைப்பு நோயாளிகளையும் நலமான 25 பேரையும் வைத்து, காந்தம் இல்லாத வேறொரு முறையிலும் இதே வேறுபாட்டைக் காட்டியது. ஆயினும் இன்று வரை மருத்துவமனையில் இந்தச் சோதனையை எழுதிக் கொடுப்பார் இல்லை. யாராவது இதன் பெயரைச் சொல்லி உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஏன் வரவில்லை? சோதனை பொய்யென்று யாரும் நிரூபித்துவிடவில்லை. கேட்கப்பட்ட கேள்வியும் கிடைத்த விடையும் ஒன்றல்ல என்பதே காரணம். அந்த 50 பேரும் மாரடைப்பு வந்த பிறகு வந்தவர்கள். அவர்களுடைய செல்கள் முந்தின நாளே உதிரத் தொடங்கினவா, முந்தின வாரமே தொடங்கினவா, அல்லது வலி வந்த அந்த மணி நேரத்தில்தான் உதிர்ந்தனவா? அந்த இரத்தக் குப்பிகளில் இதற்கு விடை இல்லை.

முன்னரே தொடங்கியிருக்கலாம் என்று எண்ண ஒரு நல்ல காரணம் உண்டு. 2005-இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள், மாரடைப்பு வந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் குழாயிலிருந்து உறைகட்டியை உறிஞ்சியெடுத்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேரிடம் அந்தக் கட்டியின் ஒரு பகுதியாவது நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ பழையதாக இருந்தது. அதாவது வலி வருவதற்குச் சில நாட்கள் முன்பே சுவர் கிழிந்து, கொஞ்சம் உறைந்து, ஆறி, மீண்டும் உறைந்திருக்கிறது. அந்த நாட்களில் அவர்கள் சந்தைக்குப் போயிருப்பார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் ஒருவரின் இரத்தத்தைச் சோதித்திருந்தால் கலங்கல் தெரிந்திருக்குமா என்பதே கேள்வி.

விடை காண, நெஞ்சுவலி என்று வந்து ஈ.சி.ஜி.யும் டிரோபோனினும் சரியாக இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களிடம் இரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த சில வாரங்களில் யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருக்க வேண்டும். பெரும் செலவு, பெரும் உழைப்பு. அதோடு இரத்தம் எடுக்கும் ஊசியே குழாயைக் கீறிச் சில செல்களை உதிர்த்துவிடும். அதனால் முதலில் வரும் இரத்தத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததைத்தான் எண்ண வேண்டும். இத்தனை நுணுக்கம் ஒரு சாதாரண ஆய்வகத்தில் எளிதல்ல.

கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. இது என் கற்பனைக் கணக்கு, ஆய்வின் எண்கள் அல்ல. நெஞ்சுவலி என்று வந்து வீட்டுக்கு அனுப்பப்படும் 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை அந்தப் பத்தில் ஒன்பதையோ பத்தையோ பிடித்துவிடும். மிகவும் நல்லது. ஆனால் மீதி 990 பேரில் நூற்றுக்கு ஐந்து தவறு என்றால், ஏறத்தாழ 50 பேருக்கு ஒன்றுமே இல்லாமல் ஆபத்து என்று சொல்லும். அந்த 50 பேரும் ஆஞ்சியோகிராமுக்குப் போவார்கள், கடன் வாங்குவார்கள், உறக்கம் இழப்பார்கள்.

சிறு கூட்டத்தில் கிடைத்த எண்ணை நம்பி ஓடக்கூடாது என்பதற்கு மருத்துவ உலகமே சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. 1988-இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு, ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று ஐயமற நிறுவியது. நோயாளிகளைச் சிறு சிறு பிரிவாகப் பிரித்துப் பலன் காட்டுமாறு அதன் ஆசிரியர்களிடம் கேட்கப்பட்டபோது, வேண்டுமென்றே பிறந்த ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலனில்லை என்று வந்தது! ராசி பார்க்கிற நம்மவர்கள் சிலர் இதைக் கேட்டால் உண்மையென்றே நம்பிவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். கூட்டத்தைச் சிறிதாக்கினால் எண்கள் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று காட்டவே அவர்கள் அப்படிச் செய்தார்கள்.

சரி, அந்தச் சோதனை வரும்வரை நாம் என்ன செய்வது? இதில் நமக்குத் தனிக் கவலை உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை வைத்து 2007-இல் வெளியான கணக்குப்படி, இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59 வயதில். ஆறு ஆண்டுகள் முந்திவிடுகிறோம். பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடியாத வயது அது.

'நார்மல்' என்ற தாளைப் பற்றி முதலில். அது அன்றைய தேதிக்கு, அந்தச் சோதனை பார்க்கும் ஒரு விஷயத்துக்கு மட்டும் கிடைத்த சான்று. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வருகிற புதிய வலியை அசட்டை செய்யக்கூடாது. இதுவரை நடந்தால் மட்டும் வந்த வலி இப்போது உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, அல்லது அடிக்கடி வருகிறது என்றால் அதுதான் மார்செய் குழுவினர் கலங்கலைக் கண்ட நிலையற்ற நெஞ்சுவலி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் வீடுகளில் எல்லா நெஞ்சுவலிக்கும் ஒரே பெயர் வாயு. ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு என்று இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது. நடு நெஞ்சில் அழுத்துகிற வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை இவை தெரிந்த அடையாளங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிறைப்பும் குமட்டலும் சொல்ல முடியாத சோர்வும் மட்டும் வரலாம். நம் தாய்மார்கள் அடுப்பில் சோறு கொதிக்கிறது, பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பார்கள். காத்திருக்க வேண்டாம். பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும் இருந்தாலும் தயங்க வேண்டாம். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளின் முதல் தவணையை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

மற்றொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் முதல் ஈ.சி.ஜி.யும் முதல் டிரோபோனினும் சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும், இருங்கள் என்று சொல்வார்கள். தசையிலிருந்து அந்தப் புரதம் கசிந்து அளவுக்குத் தெரிய நேரம் ஆகும் என்பதால்தான். "முதல் டெஸ்ட்லயே ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே, எதுக்கு இன்னொன்னு? காசு புடுங்கத்தான்" என்று எழுந்துபோகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடையைப் பூட்டவில்லை என்று கிளம்பிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் அவர் மகன் என்னை அழைத்தான். அந்த இரண்டாவது சோதனைக்கு அவர் இருந்திருக்க வேண்டியது மூன்று மணி நேரம்.